அளவுகோல் எந்த வாசல் வழியாக வருகிறது?

அரசாங்கம் ஒன்று தன் ஊழியர்களின் வேலையை அளந்து மதிப்பெண் போடத் தீர்மானிப்பது ஏன்? பொதுவாகக் கிடைக்கும் விடை எளிமையானது. வேலை சரியாக நடக்கவில்லை, ஆகவே அளக்கிறார்கள்; அளந்தால் நடக்கும். தலையங்கங்கள் இதைத்தான் சொல்கின்றன, தேநீர்க்கடைப் பேச்சும் இதைத்தான் சொல்கிறது. இந்த விடையில் ஒரு சிக்கல் உண்டு. அரசு அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை என்ற புகார் எல்லாக் காலத்திலும் இருந்து வருவது. அளவுகோலோ சில குறிப்பிட்ட ஆண்டுகளில் மட்டுமே வருகிறது. எப்போதும் இருக்கும் ஒன்று, எப்போதாவது நிகழும் ஒன்றுக்குத் தனிக் காரணமாக முடியாது. அப்படியானால் அந்தக் குறிப்பிட்ட ஆண்டுகளில் வேறு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

இலக்கியம் பேசும் இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. நவீன அரசின் மதிப்பெண் முறையை முதன்முதலில் எதிர்த்து எழுதியவர்களுள் முக்கியமானவர் ஒரு கவிஞர். இரண்டாவது, 2010க்குப் பிறகு நம் கல்லூரிகளில் தமிழ் எழுத்துக்கே மதிப்பெண் போடப்பட்டது. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள். கதை ஒன்றுதான்.

1

சார்லஸ் டிரெவெல்யன் என்ற பெயரைச் சென்னை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1859இல் சென்னை ஆளுநராக வந்து, வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860இல் திருப்பி அழைக்கப்பட்டவர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஸ்டாஃபோர்டு நார்த்கோட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய சிறிய அறிக்கை 1854இல் வெளியானது. அரசுப் பணிக்குப் பரிந்துரையால் ஆளெடுப்பதை நிறுத்தித் தேர்வால் எடுக்க வேண்டும். பதவி உயர்வு பணிமூப்பால் மட்டும் அமையாமல் தகுதியால் அமைய வேண்டும் என்றது அது. இன்று நாம் குடிமைப்பணி என்று அழைக்கும் அமைப்பின் மூல ஆவணங்களுள் அதுவும் ஒன்று.

அறிக்கை வெளியானவுடன் அதை யாரும் வரவேற்றுவிடவில்லை. வேண்டியவர்களுக்கு வேலை வாங்கித் தரும் உரிமையை இழக்க அரசியல்வாதிகள் விரும்பவில்லை. ஆனால் அதே 1854இல் பிரிட்டன் கிரிமியப் போரில் இறங்கியது. போர்வீரர்களுக்கு உடையும் உணவும் மருந்தும் போய்ச் சேராத அவலம் செய்தித்தாள்களில் வெளிவந்தது. நிர்வாகத்தின் திறமையின்மை நாட்டின் மானப் பிரச்சினையாயிற்று. 1855இல் குடிமைப்பணி ஆணையம் அமைக்கப்பட்டது. பரிந்துரை ஏற்கெனவே மேசையில் இருந்தது. அதை எடுத்துப் படிக்க ஒரு தோல்வி தேவைப்பட்டது. திறந்த போட்டித் தேர்வு பரவலாக நடைமுறைக்கு வர 1870 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆணையைக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அப்போதைய நிதியமைச்சர் ராபர்ட் லோவுக்கு உண்டு.

இந்த லோவ் நமக்கு வேறொரு விதத்திலும் முக்கியமானவர். 1862இல் கல்வித்துறைப் பொறுப்பில் இருந்தபோது, 'விளைவுக்கேற்ற ஊதியம்' என்ற முறையை ஆரம்பப் பள்ளிகளில் புகுத்தியவர் அவர்தான். 1833இல் 20,000 பவுனாகத் தொடங்கிய பள்ளி மானியம் 1861இல் 8 இலட்சம் பவுனைத் தாண்டியிருந்தது. போர்ச் செலவுக்குப் பிறகு கருவூலம் கையைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். லோவின் கணக்கு தெளிவானது. ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒரு குழந்தைக்கு 12 ஷில்லிங். அதில் 4 ஷில்லிங் வருகைக்கு. மீதி 8 ஷில்லிங், ஆய்வாளர் வந்து நடத்தும் தேர்வுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் எதில் குழந்தை தவறினாலும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். இந்த முறை திறமையைத் தரும், இல்லாவிட்டால் சிக்கனத்தையாவது தரும் என்பது நாடாளுமன்றத்தில் அவர் வாதத்தின் சாரம். சிக்கனம் உடனே கிடைத்தது. 1865இல் மானியம் சுமார் 6.36 இலட்சம் பவுனாகச் சுருங்கியது.

அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தவர் மாத்யூ ஆர்னால்டு. நம் பட்டப்படிப்புகளில் கவிஞராகவும் விமர்சகராகவும் அறிமுகமாகும் ஆர்னால்டு 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிப் பள்ளிகளைப் பார்வையிட்டு வயிறு வளர்த்தவர். அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே, அரசின் திட்டத்தை எதிர்த்து 1862 மார்ச்சில் ஓர் இதழில் பெயர் போடாமல் கட்டுரை எழுதினார். அவர் மேற்பார்வைக்கு எதிரி இல்லை. அவருடைய பிழைப்பே மேற்பார்வைதான். பள்ளியின் முழு வாழ்வையும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டிய ஆய்வாளரை, மூன்று கட்டங்களில் சரி, தவறு குறிக்கும் கணக்கராக மாற்றுவதையே அவர் எதிர்த்தார். வாசிக்கத் தெரியாத குழந்தையை வாசிப்புத் தேர்வில் தேற வைக்க முடியும் என்று பின்னர் தம் அறிக்கைகளில் காட்டினார். ஒரே பாடநூலை ஆண்டு முழுக்க உருப்போட வைத்தால் போதும். தேர்வும் நடந்தது, தேர்ச்சியும் வந்தது, மானியமும் கிடைத்தது. படிப்பு மட்டும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆய்வாளர்களின் அறிக்கைகளில் துறைக்கு உவப்பில்லாத பகுதிகள் வெட்டப்படுகின்றன என்று 1864இல் மக்களவை தீர்மானம் போட, லோவ் பதவி விலகினார். பிறகு விசாரணைக் குழு ஒன்று அவரைக் குற்றமற்றவர் என்றது. தனிமனிதரின் நேர்மையை விட்டுவிடுவோம். அளவுகோல் நிறுவப்பட்ட இரண்டே ஆண்டுகளில், அளவுகோலைப் பற்றிய அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் சண்டைப் பொருளாயின என்பது கவனிக்க வேண்டியது. எதை அளந்தாலும், அளப்பதைப் பற்றிய உண்மை மேலே போவது கடினமாகிவிடுகிறது.

அந்த முறை சென்னை மாகாணத்துக்கும் கப்பலேறி வந்தது. 1860களில் இங்கும் விளைவு மானியம் புகுத்தப்பட்டது. திண்ணைப் பள்ளி ஆசிரியர்களும் அதற்குள் இழுக்கப்பட்டார்கள். இலண்டன் கருவூலத்தின் தேவைக்காகப் பிறந்த ஓர் ஏற்பாடு, அங்கே விவாதம் அடங்குவதற்கு முன்பே நம் ஊர்த் திண்ணைக்கு வந்துவிட்டது.

2

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இதே நாடகம் பெரிய அரங்கில் நடந்தது. 1976இல் பிரிட்டன் பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்கியது. 1979இல் வந்த மார்கரெட் தாட்சர், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தின் டெரெக் ரெய்னரை அழைத்து அரசுத் துறைகளில் வீண்செலவைத் தேடச் சொன்னார். 1982இல் நிதி மேலாண்மைத் திட்டம், 1988இல் துறைகளை உடைத்துத் தனி முகமைகளாக்கும் திட்டம், 1991இல் ஜான் மேஜரின் குடிமக்கள் சாசனம் என்று வரிசையாக வந்தன. நியூசிலாந்தில் 1984இல் நாணய நெருக்கடி. 1988இல் அரசுத்துறைச் சட்டம். அமெரிக்காவில் வாட்டர்கேட்டுக்குப் பிந்தைய அவநம்பிக்கையும் கலிபோர்னியாவின் வரி எதிர்ப்பு வாக்கெடுப்பும் நிகழ்ந்த 1978ஆம் ஆண்டிலேயே ஜிம்மி கார்ட்டரின் குடிமைப்பணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. நடுநிலை மேலாளர்களுக்குத் தகுதி ஊதியம் என்றது அது. 1984இல் அதை மாற்றிப் பார்த்தார்கள். 1993இல் மாற்றியதையும் கைவிட்டார்கள்.

வரிசையைப் பார்த்தால் முதல் வாசல் தெரிகிறது: கருவூலம். பணம் குறையும்போது அரசுக்கு ஊழியர் செலவாகத் தெரிகிறார். செலவைக் குறைக்கிறேன் என்று நேரடியாகச் சொல்வது கடினம். திறனை வளர்க்கிறேன் என்று சொல்வது எளிது.

இரண்டாவது வாசல் தேர்தல் மேடை. டோனி பிளேர் ஆட்சி 1998இல் பொதுச்சேவை ஒப்பந்தங்கள் என்ற பெயரில் சுமார் 600 இலக்குகளை அறிவித்தது. 2001இல் மைக்கேல் பார்பர் தலைமையில் பிரதமரின் நேர்ப்பார்வையில் ஒரு பிரிவு அமைந்தது. வாக்காளரிடம் காட்ட ஓர் எண் வேண்டும். எண்ணும் கிடைத்தது. அவசர ஊர்தி எட்டு நிமிடத்தில் வர வேண்டும் என்ற இலக்கு இருந்த சில இடங்களில், பதிவேட்டின்படி வண்டிகள் எட்டாவது நிமிடத்துக்குச் சற்று முன்பாகக் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தன. நேரத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள் என்பது பின்னர் தெரிந்தது. குடும்ப மருத்துவரை 48 மணி நேரத்துக்குள் பார்க்க முடிய வேண்டும் என்பது இன்னொரு இலக்கு. அதை எட்டுவதற்காக, இரண்டு நாளுக்கு அப்பால் முன்பதிவு செய்வதையே சில மருத்துவமனைகள் நிறுத்திவிட்டன. 2005 தேர்தலின்போது பி.பி.சி. நிகழ்ச்சியில் ஒரு தாய் இதைச் சொன்னபோது பிளேர் திகைத்துப்போனார். நாட்டின் பிரதமருக்கு இலக்கு எட்டப்பட்டது தெரிந்திருந்தது. எப்படி எட்டப்பட்டது என்பது தெரியவில்லை. 2010இல் வந்த கூட்டணி அரசு அந்த ஒப்பந்தங்களையும் அந்தப் பிரிவையும் கலைத்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகளில் நீண்ட காத்திருப்பு அந்த ஆண்டுகளில் உண்மையாகவே குறைந்தது. அளவுகோலால் எந்தப் பயனும் இல்லை என்று வாதாடுவது என் நோக்கமன்று. பயன் எங்கே முடிந்து நடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அந்த அளவுகோலால் அளக்க முடியாது என்பதே என் வாதம்.

3

இந்தியாவுக்கு வருவோம். இங்கே மூன்றாவது வாசல் அகலமாகத் திறந்திருந்தது: பிறரைப் பார்த்துச் செய்வது. அர்ஜுன் சென்குப்தா குழு 1984இல் பரிந்துரைத்து, பொதுத்துறை நிறுவனங்களோடு அரசு செய்துகொள்ளத் தொடங்கிய புரிந்துணர்வு ஒப்பந்தங்களுக்குப் பிரெஞ்சு முன்மாதிரி. 1997இல் முதலமைச்சர்கள் மாநாட்டுக்குப் பிறகு அலுவலகந்தோறும் தொங்கிய குடிமக்கள் சாசனத்துக்குப் பிரிட்டிஷ் முன்மாதிரி. ஊதியக் குழுக்களும் நான்காவது முதல் ஏழாவது வரை ஏதோ ஒரு வடிவில் செயல்திறனோடு இணைந்த ஊதியத்தைப் பரிந்துரைத்தன. அணுசக்தி, விண்வெளி போன்ற ஓரிரு துறைகளைத் தாண்டி அது பரவவில்லை. ஆனாலும் ஒவ்வொரு குழுவும் அதை எழுதாமல் விடவில்லை. பெரிய ஊதிய உயர்வைப் பரிந்துரைக்கும் அறிக்கையில், மக்களின் முணுமுணுப்புக்குப் பதிலாக அப்படியொரு அத்தியாயம் தேவைப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம்.

2008இல் ஆறாவது ஊதியக் குழுவும் இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் அடுத்தடுத்துப் பேசின. 2009 தேர்தலில் காங்கிரஸ் கூட்டணி மீண்டும் வென்றது. செப்டம்பரில் செயல்திறன் கண்காணிப்பு, மதிப்பீட்டு முறை ஒப்புதல் பெற்றது. உலக வங்கியில் பொருளியலாளராக இருந்த பிரஜாபதி திரிவேதி அமைச்சரவைச் செயலகத்தில் அதற்கென்றே செயலராக அமர்ந்தார். பரிந்துரை, தேர்தல் வெற்றி, வெளியுலக அனுபவம் கொண்ட ஒருவர் என மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. ஒவ்வொரு துறையும் தன் இலக்குகளையும் அவற்றின் எடையையும் எழுதி, நூற்றுக்கு மதிப்பெண் பெறும். மிகச் சிறப்பு என்றால் 100, மிக நன்று 90, நன்று 80, சுமார் 70, மோசம் 60. இலக்கின் முதல் வரைவை எழுதுவது துறையே. வெளியாள் குழு ஒன்று அதைச் சரிபார்க்கும்.

2014இல் ஆட்சி மாறியது. அந்த முறை நின்றுபோனது. 2015 மார்ச்சில் 'பிரகதி' என்ற பெயரில் பிரதமரே காணொளியில் திட்டங்களை ஆய்வு செய்யும் ஏற்பாடு வந்தது. முந்தையது தோற்றதா, வென்றதா என்று நாடாளுமன்றத்தில் ஒரு நீண்ட விவாதமும் நடந்ததாக நினைவில்லை. எந்தக் காற்றில் வந்ததோ அது திசை மாறியதும் போனது. அளவுகோல்களைக் கொண்டுவரும் அரசுகள், அந்த அளவுகோல்களை அளந்து பார்ப்பதில்லை.

இதே ஆண்டுகளில் நான்காவது வாசல் வழியாக வந்த ஒன்றை நான் மதிக்கிறேன். எல்லைச் சாலைகள் அமைப்பில் ஒரு பொறியாளர். பதவி உயர்வுக்கு ஐந்தாண்டு 'மிக நன்று' வேண்டும். ஓராண்டில் அவருக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. 'நன்று' பாதகமான குறிப்பு அல்லவே, சொல்ல வேண்டியதில்லை என்பது விதி. பதவி உயர்வு போன பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. எந்தக் குறிப்பாக இருந்தாலும் அதை உரியவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பூட்டிய உறையில் கிடந்த இரகசிய அறிக்கை அதன் பிறகு திறந்தது. கருவூலமோ தேர்தலோ உலக வங்கியோ இதைக் கொண்டுவரவில்லை. அளக்கப்பட்ட ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனதால் வந்தது.

மொழி படித்தவர்கள் இந்த வழக்கில் இன்னொன்றையும் கவனிக்கலாம். 'நன்று' என்ற சொல் ஒருவருக்குத் தீங்காக முடிந்திருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2016இல், பதவி உயர்வு கிட்டாதவர்களுக்கான ஊதிய முன்னேற்றத்துக்கும் தகுதி அளவு 'நன்று' என்பதிலிருந்து 'மிக நன்று' என்று உயர்த்தப்பட்டது. இனி ஒரு மேலதிகாரி, தன் கீழ் உள்ளவர் சுமாராக நல்லவர் என்று நினைத்தாலும் 'மிக நன்று' என்றே எழுதுவார். பழி வேண்டாம் என்று நினைக்கும் மனிதர் வேறு என்ன செய்வார்? நாணயம் தேய்வதைப் போல இங்கே சொல் தேய்கிறது. எல்லோரும் மிக நல்லவர்கள் என்றான பிறகு, உண்மையாகவே நல்லவரைச் சுட்ட அரசிடம் சொல் இருக்காது.

4

கடைசியாக எங்கள் வகுப்பறை. 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் பணியை மதிப்பெண்ணாக்கும் விதிமுறையை வெளியிட்டது. புத்தகத்துக்கு இப்படிக் கணக்கு: பன்னாட்டுப் பதிப்பகம் என்றால் 50, தேசியப் பதிப்பகம் 25, தர எண் உள்ள உள்ளூர்ப் பதிப்பகம் 15. அறிவியல் துறைகளுக்கு இதில் ஏதோ பொருள் இருக்கலாம். தமிழில் எழுதுபவர் பன்னாட்டுப் பதிப்பகத்துக்கு எங்கே போவார்? உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்த சீவக சிந்தாமணியை இந்த அட்டவணையில் வைத்துப் பாருங்கள். உள்ளூர்ப் பதிப்பு, 15 மதிப்பெண். தர எண் இல்லை என்பதால் அதுவும் இல்லை. நாற்பதாண்டுகளாக நம் நவீன இலக்கியத்தைச் சுமந்த சிறுபத்திரிகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதழ் எண் கிடையாது. அவற்றில் வந்த எந்தக் கட்டுரையும் அட்டவணையின் கண்ணில் எழுத்தே ஆகாது.

பிறகு நடந்தது ஆர்னால்டு சொன்னதுதான். மதிப்பெண்ணுக்காகவே இதழ்கள் தோன்றின. பணம் கட்டினால் கட்டுரை அச்சாகும். யாரும் படிக்க வேண்டியதில்லை. குழு 2017இல் ஏற்பிசைவு பெற்ற இதழ்களின் பட்டியலைப் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதே ஆண்டு வந்த புதிய விதிமுறை கல்லூரி ஆசிரியர்களுக்கு அந்த மதிப்பெண் முறையைத் தளர்த்தியது. 'கேர்' என்ற பெயரில் வேறொரு பட்டியல் வந்தது; 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் ஒரு தலைமுறை ஆய்வு மாணவர்கள், எழுதுவது என்பது பட்டியலில் உள்ள இதழைத் தேடுவது என்று கற்றுக்கொண்டார்கள். பட்டியல் போய்விட்டது. பழக்கம் போகுமா?

5

அப்படியானால் அளக்கவே கூடாதா? இந்த எதிர்க்கேள்வி நியாயமானது. சாதிச் சான்றிதழுக்காக நான்காவது முறையாக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையும் ஒருவரிடம் போய், அளவுகோலின் தீமை பற்றி யாரும் பேச முடியாது, பேசவும் கூடாது. ஆசிரியர்களாகிய நாங்களும் பாடம் நடத்தாமல் சம்பளம் வாங்குபவர்கள் எங்களுள் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அவருக்கு எது உதவும் என்பதற்கு ஓர் ஒப்பீடு இருக்கிறது. 1997இன் சாசனம் சுவரில் தொங்கியது. நிறைவேற்றாவிட்டால் எவருக்கும் எதுவும் ஆகாது. 2010இல் மத்தியப் பிரதேசம் பொதுச்சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. இன்ன சேவை இத்தனை நாளில். தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். 2011இல் பீகார் தொடர்ந்தது. அந்தச் சட்டங்களிலும் ஓட்டைகள் உண்டு. விண்ணப்பத்தைப் பதிவே செய்யாமல் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனாலும் அங்கே அளவுகோலின் ஒரு முனை மனுதாரர் கையில் இருக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். பதிவேட்டில் நேரத்தைத் திருத்தி அவரை ஏமாற்ற முடியாது. சான்றிதழ் வழங்குவது அளக்கக்கூடிய வேலை. கற்பிப்பது, ஆராய்வது, ஒரு மாவட்டத்தில் கலவரம் வராமல் பார்த்துக்கொள்வது ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்கு ஆர்னால்டு போன்ற ஓர் ஆய்வாளர் வேண்டும்: வந்து, உட்கார்ந்து, பார்த்து, தன் பெயரில் கருத்து எழுதி, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர். இது செலவு பிடிக்கும் வழி. அதனால்தான் கருவூல வாசல் வழியாக அது ஒருநாளும் வராது.

ஆகவே அடுத்த முறை ஒரு புதிய செயல்திறன் கொள்கை அறிவிக்கப்படும்போது, அது நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன் அது எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்கலாம். பணத்தட்டுப்பாட்டில் பிறந்ததா, மேடைக்காகப் பிறந்ததா, அயல்நாட்டைப் பார்த்து எழுதியதா, அல்லது அளக்கப்படுபவரும் காத்திருப்பவரும் கேட்டு வாங்கியதா? முதல் மூன்றும் யாருக்காக வந்தனவோ அவர்களுக்குத் தேவையான எண்ணைத் தந்துவிட்டுப் போய்விடும். நான்காவது மட்டும் கொஞ்ச காலம் தங்கும்.

விளைவுக்கேற்ற ஊதியம் இங்கிலாந்தில் முழுமையாக நீங்கியது 1897இல். ஆர்னால்டு 1888இலேயே இறந்துவிட்டார். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பள்ளிக்கு வந்து உருப்போட்டுத் தேறி வெளியேறிய குழந்தைகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. அந்தக் கணக்குக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.